கேள்வி நேரம்: இவ்ளோ விட்டுக் கொடுத்தும் ஏன் போர் வந்துச்சு?

போன இதழ்ல ஒரு வாசகர், "ரெண்டு நாட்டுத் தலைவர்களும் ஒரு ரூம்ல உக்காந்து மனசு விட்டுப் பேசினா எந்தப் போரையும் நிறுத்திடலாம் இல்லையா?"ன்னு கேட்டிருந்தாங்க. "1938ல மியூனிக்ல அப்படித்தான் உக்காந்து பேசினாங்க, 11 மாசத்துல உலகப் போர் வந்துடுச்சு"ன்னு ஒரே வரில பதில் போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிஞ்ச லெட்டரையும் மெயிலையும் பாத்துட்டு, இந்த இதழ் முழுக்க அதுக்கே கொடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். சினிமா கேள்வி அனுப்பினவங்க ஒரு வாரம் பொறுத்துக்கோங்க.

கல்லூரி மாணவி, தஞ்சாவூர்: சார், மியூனிக்ல என்னதான் நடந்துச்சு? எங்க புக்ல ரெண்டு வரிதான் இருக்கு. எக்ஸாமுக்காக கேக்கல, நிஜமாவே புரிஞ்சுக்கணும்.

ஆரம்பத்துல இருந்தே சொல்றேன்மா. முதல் உலகப் போர் முடிஞ்சு 1918ல செக்கோஸ்லோவாகியான்னு ஒரு புது நாடு உருவாச்சு. அதோட எல்லை ஓரமா, ஜெர்மனியை ஒட்டின மலைப் பகுதில சுமார் 30 லட்சம் ஜெர்மன் பேசுற ஜனங்க இருந்தாங்க. அந்தப் பகுதிதான் சூடேட்டன்லாந்து. அவங்களுக்கு சில நியாயமான குறைகள் இருந்துச்சுங்கறதும் உண்மை, வேலையில்லாத் திண்டாட்டம் அந்தப் பக்கம்தான் ரொம்ப மோசம், அரசாங்க உத்தியோகத்துல செக் ஆளுங்களுக்குத்தான் முதல் இடம். இந்தக் குறையைத்தான் ஹிட்லர் கையில எடுத்தான். சூடேட்டன் ஜெர்மன் கட்சித் தலைவர் கோன்ராட் ஹென்லைனை 1938 மார்ச்ல பெர்லினுக்குக் கூப்பிட்டு, செக் அரசாங்கம் எதைக் கொடுத்தாலும் அதுக்கு மேல ஒண்ணைக் கேளு, அவங்களால திருப்திப்படுத்தவே முடியாத மாதிரி கேட்டுக்கிட்டே இருன்னு சொல்லி அனுப்பினாங்க. இந்த விஷயம் அப்போ லண்டன்ல யாருக்கும் முழுசா தெரியாது. மே 30ந் தேதி ராணுவத்துக்குக் கொடுத்த ரகசிய உத்தரவுல, செக்கோஸ்லோவாகியாவை ராணுவ பலத்தால நொறுக்கறதுதான் என் மாற்ற முடியாத முடிவுன்னு ஹிட்லரே எழுதியிருந்தான், கெடு அக்டோபர் 1.

இந்த நேரத்துல பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின், 69 வயசு மனுஷன், ப்ளேன்ல போய்ப் பழக்கமே இல்லாதவர், செப்டம்பர் 15ந் தேதி ஜெர்மனிக்குப் பறந்து போய் பெர்க்டெஸ்காடன்ல ஹிட்லரோட மலை வீட்ல அவனை நேர்ல பாக்கறாரு. சூடேட்டன் ஜெர்மானியர்களுக்கு சுயநிர்ணய உரிமை வேணும்னு ஹிட்லர் கேக்கறான். சேம்பர்லின் ஊருக்குத் திரும்பி வந்து, பிரான்ஸையும் சேத்துக்கிட்டு, ஜெர்மன் ஜனங்க பாதிக்கு மேல இருக்கற இடத்தை எல்லாம் கொடுத்துடுங்கன்னு செக் தலைநகர் பிராகாவுக்கு சொல்றாரு. செக் அரசாங்கம் முடியாதுன்னுச்சு. உடனே பிரிட்டன் தூதரும் பிரான்ஸ் தூதரும் ராத்திரி 2 மணிக்கு பிரசிடென்ட் பெனெஷை எழுப்பி, ஒத்துக்கலேன்னா நீங்க தனியாத்தான் நிக்கணும்னு சொல்லிட்டுப் போறாங்க. யோசிச்சுப் பாருங்க, பிரான்ஸுக்கும் அந்த நாட்டுக்கும் கையெழுத்துப் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தமே இருக்கு. பெனெஷ் வேற வழியில்லாம ஒத்துக்கிட்டாரு.

அதை எடுத்துக்கிட்டு 22ந் தேதி சேம்பர்லின் திரும்பவும் பறக்கறாரு, இந்தத் தடவை ரைன் நதிக்கரைல கோடெஸ்பெர்க். நீங்க கேட்டது கிடைச்சுடுச்சுன்னு சந்தோஷமா சொல்றாரு. ஹிட்லர் சொன்ன பதில் என்ன தெரியுமா? மன்னிக்கணும், அது இனிமே பிரயோஜனப்படாது! போலந்தும் ஹங்கேரியும் கேக்கறதையும் கொடுக்கணும், என் ராணுவம் உடனே உள்ள வரணும், 28ந் தேதிக்குள்ள காலி பண்ணணும். சேம்பர்லின் கோவப்பட்டதும், சரி உங்களுக்காக அக்டோபர் 1னு தள்ளி வெச்சுக்கறேன்னான், ஏதோ பெரிய சலுகை மாதிரி. அது ராணுவத்துக்கு அவன் ஏற்கனவே குறிச்சுக் கொடுத்திருந்த அதே தேதி.

என்னைக் கேட்டா, முழு விஷயமும் இந்த ஒரு இடத்துலயே தெரிஞ்சுடுது. கேட்டதைக் கொடுத்த பிறகும் ஒருத்தன் "போதாது"ங்கறான்னா, அவனுக்குத் தேவை நீங்க கொடுக்கற பொருள் இல்ல. அவனுக்குப் போர்தான் தேவை, பொருள் வெறும் சாக்கு. இதைப் புரிஞ்சுக்காமதான் 29ந் தேதி மியூனிக்ல ஹிட்லர், முசோலினி, சேம்பர்லின், பிரான்ஸ் பிரதமர் டலாடியே நாலு பேரும் உக்காந்தாங்க. முசோலினி நடுவுல நின்னு சமரசத் திட்டம்னு ஒரு பேப்பரை நீட்டினான், அதை எழுதிக் கொடுத்ததே ஜெர்மன்காரங்க. ராத்திரி தாண்டி 30ந் தேதி விடியற்காலைல கையெழுத்தாச்சு. கோடெஸ்பெர்க்ல கேட்டதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ஒரே நாள்ல நுழையறதுக்கு பதிலா 10 நாள்ல படிப்படியா நுழையலாம், அவ்ளோதான்.

வாசகர், திண்டுக்கல்: செக் நாட்டோட நிலத்தைப் பத்தின பேச்சுக்கு செக் நாட்டையே கூப்பிடலையாமே, நிஜமா?

நிஜம்தாங்க. எனக்கு இந்த முழு விவகாரத்துலயும் மனசு ஆறாத இடம் இதுதான்.

மஸ்த்னி, மசர்ஷீக்னு ரெண்டு செக் அதிகாரிங்க மியூனிக்குக்கு வந்திருந்தாங்க, ஆனா மீட்டிங் ஹாலுக்குள்ள இல்ல. ஏர்போர்ட்ல இறங்கினதுமே ரகசிய போலீஸ் கார்ல ஏத்தி ஒரு ஓட்டல்ல கொண்டு போய் விட்டுட்டாங்க, ரூமை விட்டு வெளிய வர முடியாது, போன் பண்றதே கஷ்டம். ராத்திரி பிரிட்டிஷ் அதிகாரி ஒருத்தர் வந்து, எந்தெந்த இடத்தை எல்லாம் கொடுக்கணும்னு மேப்பைக் காட்டறாரு. இவங்க எதிர்ப்பு சொன்னா, நீங்க ஒத்துக்கலேன்னா ஜெர்மனியோட நீங்களே பேசித் தீத்துக்க வேண்டியதுதான்னு பதில். எல்லாம் முடிஞ்சு விடியற்காலைல 1.30 மணிக்கு மேலதான் மீட்டிங் நடந்த கட்டடத்துக்கே கூட்டிட்டுப் போறாங்க. அங்க ஹிட்லரும் முசோலினியும் கிளம்பிப் போயாச்சு. மஸ்த்னி ஒப்பந்தத்தைப் படிச்சுக்கிட்டு ஒவ்வொரு ஷரத்தா கேள்வி கேக்கறாரு, கண்ணு கலங்கிடுச்சு, பக்கத்துல சேம்பர்லின் கொட்டாவி மேல கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்காரு. இது மசர்ஷீக் எழுதி வெச்ச ரிப்போர்ட்லயே இருக்கு. செக் அரசாங்கத்தோட பதில் வேணுமான்னு கேட்டா, தேவையில்லன்னு சொல்லிட்டாங்க.

ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு நம்ம பக்கம் சொல்வாங்களே, அதுதான் அங்க நடந்தது. பிரிட்டன் தன்னோட நிலத்துல ஒரு பிடி மண்ணைக் கொடுக்கல, பிரான்ஸும் கொடுக்கல. அடுத்தவன் நாட்டைக் கொடுத்துட்டு அதுக்கு விட்டுக்கொடுத்தல்னு பேர் வெச்சாங்க, அவ்வளவு தாராளமா கொடுக்க முடிஞ்சதுக்குக் காரணமும் அதுதான்னு நான் நினைக்கறேன். தன் வீட்டுச் சுவரா இருந்திருந்தா ஹிட்லரை இன்னும் நாலு கேள்வி அதிகமா கேட்டிருப்பாங்க.

சோவியத் யூனியனுக்கும் அழைப்பு இல்ல, அந்த நாட்டுக்கும் செக்கோஸ்லோவாகியாவோட ஒப்பந்தம் இருந்துச்சு. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேற கேள்வில வருது.

ஓய்வு பெற்ற ஆசிரியர், விருதுநகர்: சேம்பர்லினைக் கோழைன்னு சொல்லலாமா?

வேணாங்கய்யா. அப்படிச் சொல்றவங்க 1938ல லண்டன் தெரு எப்படி இருந்துச்சுன்னு பாக்கறதில்ல.

முதல் உலகப் போர் முடிஞ்சு 20 வருஷம்தான் ஆகியிருக்கு. பிரிட்டன்ல 7 லட்சத்துக்கு மேல, பிரான்ஸ்ல 13 லட்சத்துக்கு மேல பசங்க செத்துப் போயிருந்தாங்க. ஒவ்வொரு ஊர்லயும் பேர் செதுக்கின கல்லு நிக்குது. அதோட விமானக் குண்டு பயம் வேற, 1937ல ஸ்பெயின்ல கெர்னிக்கா ஊர் எரிஞ்சதை பேப்பர்ல எல்லாரும் பாத்தாச்சு. மியூனிக்குக்கு முந்தின அந்த வாரத்துல ஹைட் பார்க்ல பதுங்கு குழி வெட்டறாங்க, நாடு முழுக்க 3 கோடியே 80 லட்சம் கேஸ் மாஸ்க் விநியோகம் ஆயிடுச்சு, அம்மாங்க குழந்தை முகத்துல ரப்பர் மாஸ்க்கை மாட்டிப் பாக்கறாங்க. அந்த நிலைமைல ஒருத்தர் போர் வராமப் பண்றேன்னு கிளம்பினா நீங்களும் நானும் கூட கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். 28ந் தேதி பார்லிமென்ட்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே மியூனிக் அழைப்பு வந்த சேதி அவர் கைக்கு வருது, அவர் படிச்சுச் சொன்னதும் எம்பிக்கள் எழுந்து நின்னு ஆரவாரம் பண்றாங்க. திரும்பி வந்தப்போ ராஜாவும் ராணியும் அரண்மனை பால்கனில பக்கத்துல நிக்க வெச்சாங்க, கீழ மழைல ஜனக்கூட்டம். பிரான்ஸ்ல டலாடியே ப்ளேன்ல இருந்து கூட்டத்தைப் பாத்துட்டு அடிக்க வந்திருக்காங்கன்னு நினைச்சாராம், இறங்கினா மாலை மரியாதை.

சேம்பர்லினோட தப்பு வேற. அவருக்கு தன் மேல இருந்த நம்பிக்கை ஜாஸ்தி. பெர்க்டெஸ்காடன்ல ஒரு சாயங்காலம் பேசிட்டு வந்து, வாக்கு கொடுத்தா நம்பலாம்னு தோணற மனுஷன்னு ஹிட்லரைப் பத்தி தங்கச்சிக்கு லெட்டர் எழுதறாரு. அதுக்கு முன்னாடி 1936ல, ஜெர்மனியோட மேற்கு ஓரத்துல ராணுவமே இருக்கக் கூடாதுன்னு இருந்த ரைன்லாந்துல ஒப்பந்தத்தை மீறி ராணுவத்தை நுழைச்சான், 1938 மார்ச்ல ஆஸ்திரியாவை விழுங்கினான், அப்பவும் இதோட சரின்னுதான் சொன்னான். இவ்ளோ ரெக்கார்டு கையில இருக்கும்போது முகத்தைப் பாத்து முடிவு பண்ணாரு. அதுக்கும் மேல ரேடியோல, எங்கயோ தூரத்து நாட்ல நமக்கு ஒண்ணும் தெரியாத ஜனங்களோட சண்டைக்காக நாம குழி வெட்டிக்கிட்டு இருக்கோம்னு பேசினாரே, அதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு வலிக்குது. லண்டன்ல இருந்து பிராகா ப்ளேன்ல சில மணி நேரம்.

ஐடி ஊழியர், கோயம்புத்தூர்: நீங்க ஒரு பக்கமாவே பேசறீங்கன்னு தோணுது. மியூனிக்ல ஒரு வருஷம் டைம் கிடைச்சதாலதான் பிரிட்டன் ஸ்பிட்ஃபயர் விமானமும் ரேடாரும் ரெடி பண்ணி 1940ல தப்பிச்சுது. அப்போ அது புத்திசாலித்தனமான முடிவுதானே?

நல்ல கேள்வி, இதுல பாதி உண்மை இருக்கு, அதை மறைக்க மாட்டேன். 1938 செப்டம்பர்ல ஸ்பிட்ஃபயர் அப்பதான் முதல் ஸ்குவாட்ரனுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு, கடற்கரை ரேடார் நிலையங்கள் சிலதுதான் வேலை செஞ்சுது. 1940ல ரெண்டும் தேவையான அளவு இருந்துச்சு. பணம் ஒதுக்கினதுல சேம்பர்லினுக்கும் பங்கு உண்டு.

ஆனா டைம் நமக்கு மட்டுமா கிடைக்கும், எதிராளிக்கும் அதே ஒரு வருஷம் கிடைச்சுது, அவன் அதை வெச்சு என்ன பண்ணான்னும் கணக்குப் போடணும் இல்லையா? செக்கோஸ்லோவாகியா சும்மா ஒரு சின்ன நாடு இல்ல. செப்டம்பர் 23ல அணிதிரட்டல் உத்தரவு போட்டதும் 10 லட்சத்துக்கு மேல ஆளுங்க படைக்கு வந்து சேந்தாங்க, ராத்திரியோட ராத்திரியா, ரயில் ஏறி, லாரி ஏறி. எல்லை மலைல ஆயிரக்கணக்குல கான்கிரீட் பங்கர் கட்டி வெச்சிருந்தாங்க. பில்சென் ஊர்ல ஸ்கோடா ஆலை, ஐரோப்பாவோட பெரிய ஆயுதத் தொழிற்சாலைகள்ல ஒண்ணு. மியூனிக் ஒப்பந்தத்துல சூடேட்டன்லாந்தைக் கொடுத்ததும் அந்தக் கோட்டை வரிசை ஒரு குண்டு கூட வெடிக்காம ஜெர்மன் கைக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் நாட்டைக் காப்பாத்த இயற்கை அரணே இல்ல. போலந்து ஒரு துண்டை எடுத்துக்கிச்சு, ஹங்கேரி ஒரு துண்டு, நிலத்துல கிட்டத்தட்ட 30 சதவீதம் போச்சு. 1939 மார்ச்ல மிச்சமும் விழுந்தப்போ ஸ்கோடா ஆலை, பீரங்கி, விமானம், டாங்க், எல்லாத்தையும் அப்படியே அள்ளிக்கிட்டாங்க. 1940ல பிரான்ஸுக்குள்ள பாய்ஞ்சு வந்த ஜெர்மன் தளபதி ரோமலோட 7வது பான்சர் டிவிஷன்ல, அதாவது டாங்க் படைப்பிரிவுல, செக் டாங்குகள் நிறைய. செக் தொழிலாளிங்க தங்க நாட்டைக் காக்கறதுக்காக உருவாக்கினது அது.

இன்னொரு பக்கம் 1938ல ஜெர்மனியோட மேற்கு எல்லைல என்ன இருந்துச்சு? போருக்கப்புறம் நாஜி தலைவர்களை விசாரிச்ச நூரம்பெர்க் விசாரணைல ஜெர்மன் ஜெனரல் யோடல் சாட்சி சொன்னாரு: 5 சண்டை டிவிஷன், 7 ரிசர்வ் டிவிஷன், கட்டி முடியாத கோட்டை, எதிர்ல பிரான்ஸோட 100 டிவிஷன், தாக்குப் பிடிக்கறதுங்கற பேச்சுக்கே இடமில்லன்னு. அதனால நீங்க சொல்ற ஒரு வருஷம் பிரிட்டனோட ஆகாயத்துக்கு உதவிச்சு, சரி. தரைல அது பிரான்ஸையும் சேத்து முழுங்கிடுச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு கழிச்சுப் பாத்தா லாபம்னு என்னால சொல்ல முடியல. வேற முடிவுக்கு வர்ற வரலாற்று ஆசிரியர்களும் இருக்காங்க, நீங்க அவங்களையும் படிங்க. ஆனா ஒண்ணு, ஸ்பிட்ஃபயருக்கு டைம் வாங்கத்தான் சேம்பர்லின் போனாருன்னு மட்டும் சொல்லாதீங்க. அவர் உண்மையாவே சமாதானம் வந்துடுச்சுன்னு நம்பினாரு, "நம் காலத்துக்கான சமாதானம்"னு ஜன்னல்ல நின்னு சொன்னவரு.

வாசகி, மதுரை: மியூனிக்ல ஹிட்லர் ஜெயிச்சுட்டான், அப்போ சந்தோஷமா இருந்திருப்பானே?

இல்லீங்க, கடுப்பாத்தான் இருந்தான். போர் பண்ணி பிராகாவுக்குள்ள வெற்றி ஊர்வலம் போகணும்னு இருந்தவனை இந்தாளு கெடுத்துட்டான்னு சேம்பர்லினைத் திட்டினதா கூட இருந்தவங்க சொல்லியிருக்காங்க. செப்டம்பர் 27ல பெர்லின் தெருவுல ராணுவ வண்டிகளை அணிவகுத்து ஓட்டினப்போ ஜனங்க கை தட்டாம மௌனமா நின்னுட்டு கலைஞ்சு போனாங்க. மியூனிக் தெருவுல அதே ஜெர்மன் ஜனங்க சேம்பர்லினுக்கு ஆரவாரம் பண்ணாங்க. சாதாரண ஜெர்மன் ஆளுக்கும் போர் வேணாம்னுதான் இருந்துச்சு.

வாசகர், ஈரோடு: ஜெர்மன் தளபதிகளே ஹிட்லரைக் கவுக்கப் பாத்தாங்கன்னு ஒரு வீடியோல கேட்டேன். உண்மையா?

திட்டம் இருந்தது உண்மை. ராணுவத்தோட சீஃப் ஆஃப் ஜெனரல் ஸ்டாஃபா, அதாவது போர்த் திட்டம் போடற தலைமை அதிகாரியா இருந்த லுட்விக் பெக் இந்தப் போர் ஜெர்மனியை அழிச்சுடும்னு எழுதிக் கொடுத்துட்டு 1938 ஆகஸ்ட்ல ராஜினாமா பண்ணாரு. அவருக்குப் பின்னாடி வந்த ஹால்டரும், உளவுத் துறைல ஓஸ்டர்னு ஒரு அதிகாரியும், இன்னும் சிலரும் ஹிட்லர் போர் உத்தரவு போட்டதும் பிடிச்சுடலாம்னு ஏற்பாடு பண்ணாங்க. லண்டனுக்கு ஆள் அனுப்பி, நீங்க உறுதியா நில்லுங்கன்னும் கேட்டுக்கிட்டாங்க. மியூனிக் செய்தி வந்ததும் எல்லாம் பிசுபிசுத்துப் போச்சு, ரத்தம் சிந்தாம ஜெயிச்சு வந்தவனை எந்த முகத்தோட கைது பண்றது? செஞ்சிருப்பாங்களான்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது, கடைசி நிமிஷத்துல நடுங்கிப் போனவங்க அந்தக் கூட்டத்துல உண்டு.

வங்கி ஊழியர், சேலம்: சரி, 1939ல பிரிட்டன் திருந்திடுச்சே, போலந்துக்குக் கேரண்டி கொடுத்துச்சே. அப்பவும் ஏன் போர் நிக்கல?

இது பல பேர் கேக்காம விடற கேள்வி, ரொம்ப முக்கியமானது.

1939 மார்ச் 14 ராத்திரி, பெனெஷ் விலகினதுக்கு அப்புறம் செக் பிரசிடென்ட் ஆன எமில் ஹாகாவை பெர்லினுக்கு வர வெச்சு, நடுராத்திரி தாண்டிக் காத்திருக்க வெச்சு, கையெழுத்துப் போடலேன்னா பிராகா மேல குண்டு போடுவோம்னு ஜெர்மன் விமானப்படைத் தலைவன் கோரிங் மிரட்டினான். வயசான இதய நோயாளி மயங்கி விழுந்தாரு, டாக்டர் ஊசி போட்டு எழுப்பி கையெழுத்து வாங்கினாங்க. 15ந் தேதி ஹிட்லர் பிராகா கோட்டைல. மியூனிக்ல மிச்ச நாட்டுக்கு பிரிட்டனும் பிரான்ஸும் உத்தரவாதம் தர்றதா சொல்லியிருந்தாங்க. நாடே உடைஞ்சு போச்சு, அதனால உத்தரவாதமும் முடிஞ்சு போச்சுன்னு சேம்பர்லின் பார்லிமென்ட்ல விளக்கம் கொடுத்தாரு. ரெண்டு நாள் கழிச்சு நாட்ல எழுந்த கோவத்தைப் பாத்துத்தான் பேச்சு மாறுச்சு, உங்களைத் தாக்கினா நாங்க உதவிக்கு வருவோம்னு மார்ச் 31ல போலந்துக்கு கேரண்டி.

ஆனா அதை யாரு நம்புவாங்க? 35 டிவிஷனும் கோட்டையும் வெச்சிருந்த நண்பனைக் கைவிட்டவங்க, கைக்கு எட்டாத தூரத்துல இருக்கற போலந்துக்காக சண்டை போடுவாங்கன்னு ஹிட்லர் நம்பல. ஆகஸ்ட் 22ல தளபதிகளைக் கூப்பிட்டு, நம்ம எதிரிங்க சின்னப் புழுக்கள், மியூனிக்ல நானே பாத்தேன்னான். ஸ்டாலினும் நம்பல, தன்னைக் கூப்பிடாம நாலு பேரா உக்காந்து பேசினவங்க, நாளைக்கு ஹிட்லரைத் தன் பக்கம் திருப்பி விடுவாங்கன்னு சந்தேகப்பட்டாரு. அப்பவாவது மாஸ்கோவோட சீக்கிரம் பேசணுமா இல்லையா? பிரிட்டன், பிரான்ஸ் ராணுவக் குழு ஆகஸ்ட் 5ல கிளம்பினது ப்ளேன்ல இல்ல, மெதுவா போற ஒரு கப்பல்ல. 11ந் தேதிதான் மாஸ்கோ போய்ச் சேந்தாங்க. பிரிட்டிஷ் தலைவர் அட்மிரல் டிராக்ஸ் கையில கையெழுத்துப் போடற அதிகாரப் பத்திரமே இல்ல. எங்க படை போலந்து வழியா போக அனுமதி உண்டான்னு சோவியத் ராணுவ மந்திரி வொரோஷிலோவ் கேட்டதுக்கு இவங்ககிட்ட பதில் இல்ல, போலந்தும் ஒத்துக்கல. ஜெர்மன் வெளியுறவு மந்திரி ரிபன்ட்ராப் ஒரே நாள்ல ப்ளேன்ல வந்து இறங்கினான், 23ந் தேதி ராத்திரி ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு, போலந்தைப் பங்கு போடற ரகசிய ஷரத்தோட.

ஒண்ணு கவனிங்க. 25ந் தேதி பிரிட்டன் போலந்தோட முறைப்படி உடன்படிக்கை போட்டதும், 26ந் தேதின்னு குறிச்சிருந்த தாக்குதலை ஹிட்லர் தள்ளி வெச்சான். கொஞ்சம் அசைஞ்சான். ஆனா வெறும் 6 நாள்தான், செப்டம்பர் 1ல நுழைஞ்சுட்டான். ஒரு வருஷம் முன்னாடி இதே உறுதியைக் காட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்காம இருக்க முடியல.

வாசகர், காரைக்குடி: இந்த நேரத்துல நம்ம தலைவர்கள் என்ன நினைச்சாங்க?

நேரு 1938 ஆகஸ்ட்ல செக்கோஸ்லோவாகியாவுக்கே நேர்ல போயிட்டு வந்தவரு, பிரிட்டன் அந்த நாட்டைக் கைவிடறதை வெளிப்படையா கண்டிச்சாரு. காந்தி ஹரிஜன் பத்திரிகைல எழுதினது வேற மாதிரி: மியூனிக்ல கிடைச்ச சமாதானம் வன்முறையோட வெற்றின்னாரு, செக் மக்கள் ஆயுதமில்லாம ஹிட்லருக்குப் பணிய மறுக்கணும்னாரு. அந்த யோசனை அந்த எதிரிகிட்ட பலிச்சிருக்கும்னு எனக்குத் தோணல, ஆனா மியூனிக்கைப் பத்தி அவர் போட்ட தீர்ப்பு சரி.

அப்புறம் 1939 செப்டம்பர் 3ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ, இங்க ஒருத்தர்கிட்டயும் கலந்து பேசாம இந்தியாவும் போர்ல இருக்குன்னு அறிவிச்சுட்டாரு. சின்ன நாடுகளோட சுதந்திரத்துக்காக போர்னு சொல்லிக்கிட்டே நம்மளை ஒரு வார்த்தை கேக்கல. அதைக் கண்டிச்சுத்தான் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா பண்ணாங்க, மெட்ராஸ்ல ராஜாஜி மந்திரிசபை அக்டோபர் கடைசில விலகிச்சு. அந்தப் போர்ல 25 லட்சம் இந்தியர்கள் படைல சேந்தாங்க.

மாணவர், திருநெல்வேலி: அப்போ எதிரி நாட்டோட பேசவே கூடாதுன்னு சொல்றீங்களா?

ஐயையோ, அப்படி எடுத்துக்காதீங்க தம்பி. மியூனிக்கைக் காட்டி தப்பான போர் நடத்தினவங்களும் நிறைய. 1956ல எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை தேசியமயமாக்கினதும் பிரிட்டிஷ் பிரதமர் ஈடன், இது இன்னொரு முசோலினி, இப்ப விட்டா அவ்ளோதான்னு பிரான்ஸ், இஸ்ரேலோட சேந்து படையெடுத்தாரு. 1938 பிப்ரவரில சேம்பர்லினோட ஒத்துப் போகாம வெளியுறவு மந்திரி பதவியை விட்டவர் இவர். அமெரிக்கா நெருக்கி, அவமானத்தோட வாபஸ் வாங்கி, 1957 ஜனவரில பதவியே போச்சு. நாசருக்குத் தேவைப்பட்டது அவர் நாட்டுக் கால்வாய், ஐரோப்பா இல்ல.

1962ல கியூபால சோவியத் ஏவுகணை இருக்குன்னு தெரிஞ்சப்போ, அமெரிக்க விமானப்படைத் தளபதி லீமே, உடனே குண்டு போடாம கடல் முற்றுகை போடறது மியூனிக் மாதிரி மோசம்னு அதிபர் கென்னடி முகத்துக்கு நேரா சொன்னாரு. கென்னடி கேக்கல. கப்பல் படையை முற்றுகைக்கு நிக்க வெச்சுட்டு, அதே நேரத்துல பேசினாரு, கியூபா மேல படையெடுக்க மாட்டோம்னு வாக்கு கொடுத்தாரு, துருக்கில இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துடறோம்னு ரகசியமா ஒத்துக்கிட்டாரு. இதுவும் விட்டுக்கொடுத்தல்தான், போர் நின்னுச்சு. ஏன்னா சோவியத் தலைவர் குருஷேவுக்கு அணு ஆயுதப் போர் வேணாம், மானம் போகாம வெளிய வர ஒரு வழி வேணும். கென்னடி கொடுத்ததும் தன் கையில இருந்த பொருள், கொடுத்த பிறகும் அவர் பலம் குறையல.

நான் பாக்கறது இதைத்தான். எதிர்ல இருக்கறவனுக்கு நிஜமா என்ன வேணும், நாம கொடுக்கறது யாரோட சொத்து, கொடுத்த பிறகு நம்ம கையில என்ன மிஞ்சும். சேம்பர்லின் மியூனிக்ல இந்த மூணுலயும் சறுக்கினாரு.

வாசகி, நாகர்கோவில்: யாருக்காகன்னு சொல்லி இதெல்லாம் ஆரம்பிச்சுதோ, அந்த சூடேட்டன் ஜனங்க கடைசில என்ன ஆனாங்க?

இதைக் கேட்டதுக்கு நன்றிம்மா. அவங்க எல்லாருமே ஹிட்லர் ஆளுங்க இல்ல. அங்க ஜெர்மன் பேசற சோஷியல் டெமாக்ரட் கட்சிக்காரங்க, யூதர்கள், செக் குடும்பங்கள் எல்லாரும் இருந்தாங்க. மியூனிக் கையெழுத்தான கையோட பல்லாயிரம் பேரு மூட்டை முடிச்சோட உள்நாட்டுக்கு ஓடினாங்க, சிக்கின சோஷியல் டெமாக்ரட்டுங்க ஆயிரக்கணக்குல சிறைக்கும் டாக்காவ் நாஜி வதை முகாமுக்கும் போனாங்க. நவம்பர்ல ஜெர்மனில யூதக் கோயில்களை எரிச்ச அதே நாட்கள்ல சூடேட்டன் ஊர்கள்லயும் எரிச்சாங்க. ஆண் பிள்ளைங்க ஜெர்மன் ராணுவத்துல சேக்கப்பட்டு போர்முனைல செத்தாங்க. ஹென்லைன் 1945 மே மாசம் அமெரிக்கர்கள் பிடில இருக்கும்போது தற்கொலை பண்ணிக்கிட்டான். மியூனிக் ஒப்பந்தம் இனி எங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு பிரிட்டன் 1942 ஆகஸ்ட்லயே சொல்லிடுச்சு.

போர் முடிஞ்சதும் பெனெஷ் திரும்பி வந்தாரு, சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்களை நாட்டை விட்டு அனுப்பிட்டாங்க. கைல தூக்க முடிஞ்ச சாமானோட. முதல் சில மாசத்துல அடிச்சுத் துரத்தினதுல வழிலயே செத்தவங்களும் நிறைய, அதுல குழந்தைங்களும் வயசானவங்களும் உண்டு, ஹிட்லருக்கு எதிரா இருந்த குடும்பங்களும் இதுல மாட்டிக்கிச்சு. 1997 ஜனவரிலதான் செக் நாடும் ஜெர்மனியும் ஒரு கூட்டுப் பிரகடனம் போட்டு, ஆக்கிரமிப்புக்கு ஜெர்மனியும், அந்த வெளியேற்றத்துல நடந்த அநியாயங்களுக்கு செக் தரப்பும் வருத்தம் தெரிவிச்சாங்க.

சூயஸ் பத்தியும் 1914ல தூதர்கள் ஏன் தோத்தாங்கன்னும் கேட்ட லெட்டர்கள் இன்னும் கையில இருக்கு, அடுத்த இதழ்ல எடுத்துக்கறேன்.